காட்டோரம் பேரு கேக்கக்கூடாது

அந்த பெஞ்சு வேணாம் சார், ஒரு காலு ஆடும். இந்த நாற்காலிய எடுத்துக்குங்க. காட்டப் பாத்தாப்புல போட்டிருக்கேன். ஏன், புடிக்கலையா? வர்றவங்க எல்லாம் இந்த நாற்காலிக்குத்தான் அடிச்சுக்குவாங்க. பறவை பாக்க வர்ற வெள்ளக்காரங்க ஒருத்தர எழுப்பிட்டு ஒருத்தர் உக்காருவாங்க. நீங்க ஒருத்தருதான் காட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காருவேங்கறீங்க. சரி, உங்க இஷ்டம்லா. பெஞ்சு கவுந்தா என்னையச் சொல்லக்கூடாது.

பாலு ஊத்தாத தேத்தண்ணி, தே ஓ தான் இருக்கு. பாலு டின்னு வாங்கணும்னா பீடோங்கு டவுனுக்கு எறங்கணும். எறங்கணும்னா மோட்டாரு சைக்கிளு வேணும். மோட்டார பெரியவரு மிதிச்சிட்டாரு. வாழைத்தாரு பழுத்திருக்குன்னு தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு வந்தாரு, குறுக்க என் மோட்டாரு நின்னுச்சு, ஒரே மிதி. சிரிக்காதீங்க சார், நெசமாத்தான். இன்சூரன்ஸ் ஆபிசுல போயிச் சொன்னா, அங்க இருக்கற பொண்ணு, எதிர்த்தரப்பு வண்டி நம்பர் என்னன்னு கேக்குது.

சீனி போதுமா? நீங்க சீனி தூக்கலா குடிக்கிற ஆளுன்னு பாத்தாலே தெரியுது.

அது சரி, வழி எப்படிக் கண்டுபுடிச்சீங்க? போன்லயா? போன்ல லைன் எங்க இருக்கு இங்க? ரெண்டாவது முக்குலயே செத்துப் போயிருமே. அதுக்கு மேல எந்தப் பக்கம் திரும்புனாலும் செம்பனைதான், எல்லாப் பாதையும் ஒரே பாதை மாரி இருக்கும். நில ஆபிசு ஆளுங்களே சுத்திச் சுத்தி, வேல வாங்குற மண்டோர் வீட்டு வாசல்ல போயி நிப்பாங்க. நீங்க என்னடான்னா நேரா வந்து என் வாசல்ல காடிய நிறுத்துறீங்க. கெட்டிக்காரருதான். கம்பெனில சும்மாவா வேல குடுப்பாங்க?

வேணாம் வேணாம், கார்டெல்லாம் நீட்டாதீங்க. பேரும் சொல்ல வேணாம். காட்டோரம் நாங்க பேரு கேக்க மாட்டோம். ஏன்னு அப்புறமா சொல்றேன். நீங்க சார், நான் அக்கா, அது போதும்.

எங்க, அந்தப் படத்தக் காட்டுங்க. ஓ. இது எங்க ஊரா? நல்லா இருக்கே. தோட்டத்து லயத்த எங்க காணோம்? இடிச்சாச்சா. சரி. இங்க மர வீடு, இங்க குளிக்கிற தொட்டி. ஆறு இருக்கறப்ப தொட்டி எதுக்கு? சரி சரி, டவுன்காரங்களுக்கு. இங்க கயித்துல தொங்கிக்கிட்டுப் போறான் ஒருத்தன், பல்லக் காட்டிக்கிட்டு. அவன் தொங்குற எடத்துலதான சார் இப்ப நாம உக்காந்திருக்கோம்? ஆமா, அந்த எலுமிச்ச மரத்த வெச்சுத்தான் சொல்றேன். படத்துல மரத்த விட்டுட்டீங்க.

எதிர்காலம்னு இப்ப சொன்னீங்களே, அந்த வார்த்தைய மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. வயிறு எரியுது. இந்த ஊருக்கு எதிர்காலம் கொண்டாந்தவனுங்கள நான் நெறையாப் பாத்துட்டேன். ரப்பர் பாலு எடுத்த கித்தா மரத்த வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வெக்கிறோம், எல்லாருக்கும் வேலைன்னான் ஒருத்தன். செம்பனை வந்துச்சு, கூடவே பங்களாதேசு பசங்க வந்தாங்க, எங்க ஆளுங்க குலிம் ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க. பசங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், பாவம், என்னைய அம்மாங்கறானுங்க, காச்சல்னா மாத்திர வாங்கியாந்து குடுக்கறானுங்க. எங்க ஆளுங்க ஒருத்தன் திரும்பி வந்து எப்படி இருக்கேன்னு கேட்டிருப்பானா? அப்புறம் பள்ளிக்கூடத்த டவுனுக்கு மாத்துறோம், பஸ்ஸு விடுறோம்னாங்க. பள்ளிக்கூடம் போயிருச்சு. பஸ்ஸு இன்னும் வந்துக்கிட்டிருக்கு. 

பொறவு ஹோம்ஸ்டேன்னு ஒண்ணு. எங்க எல்லாரையும் மண்டபத்துல உக்கார வெச்சு, ரெண்டு பொண்ணுங்க வந்து துண்ட அன்னம் மாரி மடிக்கக் கத்துக் குடுத்துச்சுங்க. கட்டில்ல வெக்கணுமாம், வர்றவங்க பாத்து மயங்கிருவாங்களாம். சர்டிபிகேட்டு, ஆளுக்கொரு துண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு கொய்த்தியாவ் பொட்டலம். ஒருத்தரும் வந்து தங்கல. அந்த அன்னத்த வெச்சுத்தான் நான் மீன் சட்டி தொடைக்கிறேன்.

இப்ப நீங்க. நீங்க கயிறு.

யாரு இருக்கான்னா கேக்கறீங்க? நான் இருக்கேன். கடைசி லயத்துல ஜெயகுமார் அண்ணன் இருக்காரு, அவருக்குக் காது சுத்தமா போச்சு, நீங்க உங்க எதிர்காலத்தப் பத்தி அவருகிட்டயே சொல்லலாம், மறுத்துப் பேச மாட்டாரு. அவ்ளோதான் தமிழாளுங்க. காளிதாசன் குடும்பம் போன தீவாளிக்குப் போயிருச்சு. போறப்ப அந்தம்மா அழுதுக்கிட்டே போச்சு, காடில ஏசி போட்டதும் கண்ணத் தொடச்சுக்கிச்சு. தப்புன்னு சொல்லல. இங்க ஒரு கர்ப்பக்காரிக்கு வலி எடுத்தா ஆத்துல தண்ணி ஏறாம இருக்கணும், பாலம் இருக்கணும், பாதையில பெரியவரு நிக்காம இருக்கணும். மூணும் கூடி வந்தாத்தான் புள்ள ஆஸ்பத்திரில பொறக்கும். இப்படி ஒரு ஊர்ல எவன் இருப்பான்?

நான் ஏன் இருக்கேனா?

அத எல்லாரும் கேக்கறாங்க. எம்மவ வாசுகி கேக்கறா. அவ சுங்கை பட்டாணில கையுறை ஃபேக்டரில சூப்பர்வைசரு. ரெண்டு புள்ளைங்க. ஒரு ரூம்ப எனக்குன்னே வெச்சிருக்கா, மெத்த போட்டு, காத்தாடி போட்டு. நான் லைன் கெடைக்கிற பீடோங்குக்கு எறங்கிப் பேசுனா, அங்க அப்படி என்னம்மா இருக்கு, குரங்கும் அட்டையும்தானன்னு சண்ட போடறா. போனத் தூக்கி வீசிருவா. எனக்கு மட்டும் ஆச இல்லையா? பேரன் என் மொகத்த மறந்துட்டு வீடியோல பாத்து யாருங்குது. நீங்க தர்றேங்கற வீடும் அவ வீட்டுக்குப் பக்கத்துலதாங்கறீங்க. கேக்க இனிக்குது. ஆனா ஒரு வேல பாக்கி இருக்கு சார். அது முடிஞ்சா இந்த மண்ணத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.

என்ன பாக்கறீங்க? அந்தப் பலகையா? ஆமா, அழகேசன் கடைன்னுதான் எழுதியிருக்கு. எங்க வீட்டுக்காரரு பேரு. அவரே எழுதுனது, அதான் கடைசி எழுத்து எடம் பத்தாம நசுங்கிக் கெடக்கு.

அவரா? உள்ள இருக்காரு.

எட்டிப் பாக்காதீங்க, வீட்டுக்குள்ள இல்ல. உங்க முதுகுக்குப் பின்னாடி. அங்க.

அட, தே ஓ ஏன் சிந்துது? சூடா? தொடச்சுக்குங்க, இந்தாங்க துண்டு. மீன் தொடைக்கிறது இல்ல, வேற.

இருங்க, அதுக்குள்ள எங்க கெளம்புறீங்க? இந்த எடத்தக் குடுத்துட்டேன்னு கையெழுத்து வேணும்ல? போடறேன். போட மாட்டேன்னு சொன்னேனா? ஆனா காட்டுக்குள்ள ஆளுங்கள அனுப்பிக் காசு பாக்கப் போறீங்க, காட்டோட சட்டம் தெரிய வேணாமா? அத யாரு உங்களுக்குச் சொல்லுவா, படம் வரைஞ்சவனா? உக்காருங்க.

எங்க தோட்டத்துல மொத சட்டம் இதுதான். எல்லக்கல்லத் தாண்டுனா யாரும் யாரையும் பேரு சொல்லிக் கூப்புடக்கூடாது. அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி, புருசன் பொண்டாட்டியா இருந்தாலும் சரி. ஆளு எங்க இருக்கான்னு தெரியணும்னா, கூ...ன்னு ஒரு குரல் விடணும். அவன் கூ...ன்னு திருப்பிக் குடுப்பான். ஏன்னா காட்டுக்குள்ள பேரு சொல்லிக் கூப்புடறது மனுசன் இல்ல. அது நம்ம கூட வந்தவன் குரல்லயே கூப்புடும். ஏன்னு கேட்டுட்டா போச்சு, திரும்பிப் பாத்தாலும் போச்சு, இழுத்துக்கிட்டுப் போயிரும். அதனால பேரு காதுல விழுந்தா தலையக் குனிஞ்சுக்கிட்டு நடையக் கட்டணும். வீட்டுக்கு வந்து யாருகிட்டயும் சொல்லவும் கூடாது. மறுநாள் விடியக்கால, ஒரு எலுமிச்சங்காய ரெண்டா அறுத்து, குங்குமம் தடவி, எல்லக்கல்லுல வெச்சுட்டு வந்துரணும். அதோட அந்தக் குரலு தொடராது.

நம்புறேனா நம்பலையாங்கறது இப்ப பேச்சில்ல. இங்க பொறந்தவனுக்கு அது ரத்தத்துல இருக்கு. நீங்க அலோர் ஸ்டார்காரரு, உங்களுக்குப் புரியாது.

எங்க வீட்டுக்காரரு பெத்தாய்க் காய் பறிச்சு விக்கப் போவாரு. தோட்டத்துல வேல கொறஞ்ச நேரம். பெத்தாய் மரம்னா தெரியும்ல, தென்ன மரமெல்லாம் அதுகிட்ட புல்லு. உச்சிக்கு ஏறி, கொத்துக் கொத்தா அறுத்துப் போடணும். தொணைக்கு ஒரு ஆளு கீழ நின்னு பொறுக்குவான். பக்கத்து லயத்துப் பையன். பையன்னா சின்னப் பையன் இல்ல, கல்யாண வயசு. அப்பா இல்லாத புள்ளன்னு எங்க வீட்லதான் பாதி நாளு சோறு. என் கையால மீன் கொழம்பு ஊத்துனா மூணாவது வாட்டியும் தட்ட நீட்டுவான். சீனி தூக்கலா தே ஓ கேப்பான்.

அன்னைக்கும் ரெண்டு பேரும் சேந்துதான் போனாங்க. இருட்டுனதுக்கு அப்புறமும் வரல. சில நேரம் ஆத்துக்கு அந்தாண்ட மலாய்க்காரங்க ஊரு, கம்பத்துல தங்கிட்டு வருவாங்க, அதனால நானும் பெருசா நெனைக்கல. ஆனாலும் தூக்கம் வரல. விடியறப்ப இந்த வாசல்லதான் உக்காந்திருந்தேன், வாசுகி மடில. அப்ப அவன் வர்றான். தனியா. எங்கடா அண்ணன்னு கேட்டேன். அண்ணன் முன்னாடியே கெளம்பிட்டாரு அண்ணி, கம்பத்துல இருப்பாருன்னான். மொகத்தப் பாக்காமயே சொன்னான். அப்புறம், அண்ணி ஒரு எலுமிச்சங்கா வேணும்னான். அவங்கம்மாவுக்குப் பித்தமாம். இந்த மரந்தான். நானே எழுந்திரிச்சுப் போயி, நல்ல காயாப் பாத்துப் பறிச்சுக் குடுத்தேன். காசு கூட வாங்கல.

அப்புறம் என்ன. மத்தியானம் தேட ஆரம்பிச்சாங்க. போலீசு வந்துச்சு, தீயணைப்பு போம்பா வந்துச்சு, காட்டுலயே வாழற ஒராங் அஸ்லி ஆளுங்க வந்தாங்க. எந்தப் பக்கம் பிரிஞ்சீங்கன்னு அவனக் கேட்டாங்க. ஆத்துக்கு மேலப்பக்கம்னு கையக் காட்டுனான். அவனே முன்னாடி நடந்து கூட்டிட்டுப் போனான். மேலப்பக்கம் ஒரு எல விடாம தேடுனாங்க. ஒராங் அஸ்லி பெரியவரு ஒருத்தரு மட்டும் தரையத் தரையப் பாத்துட்டு, இங்க மனுசன் நடந்த தடமே இல்லையேன்னாரு. அவரு பேச்ச யாரு கேட்டா? பொறவு மழ புடிச்சுக்கிச்சு. எல்லாரும் எறங்கிட்டாங்க. அவனும் அவங்கம்மாவக் கூட்டிக்கிட்டு, அலோர் ஸ்டார்ல வேல கெடச்சிருக்குன்னு பஸ் ஏறிட்டான். என்கிட்ட சொல்லிக்கக்கூட இல்ல.

அவன் போனதுக்கு அப்புறந்தான் நான் எல்லக்கல்லுக்கு விளக்கு வெக்கப் போனேன். அங்க கெடந்துச்சு சார். ரெண்டா அறுத்து, குங்குமம் மழைல கரைஞ்சு, காஞ்சு சுருண்டு போயி.

எந்திரிச்சுட்டீங்களா? ஆமா, நேரமாச்சு உங்களுக்கு. மழ கருக்கட்டுது, முக்கு வரைக்கும் சகதியாயிரும். போங்க. ஃபைல எடுத்துக்குங்க, மறந்துறாதீங்க. பேனா கீழ கெடக்கு. பாத்துப் போங்க, அந்தப் படி வழுக்கும். அதான் உங்களுக்கே தெரிஞ்சிருக்கே, தாண்டிக் கால வெக்கிறீங்க.

குணாளா.

நின்னுட்ட.

நின்னுட்ட, ஆனா திரும்பல பாத்தியா. ஏன்னும் கேக்கல. வெளியூர்க்காரனா இருந்தா, யாரக்கா கூப்புடுறீங்கன்னு திரும்பிக் கேட்டிருப்பான். தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, நம்ம தோட்டத்துப் புள்ள. காடில வர்றப்பவே பாத்தேன்டா. எல்லக்கல்லு வந்ததும், பேரு காதுல விழக்கூடாதுன்னு காடிக் கண்ணாடிய ஏத்திக்கிட்ட. பெரியவரு மிதிச்சிட்டாருன்னேன், ஆனையவா பெரியவருங்கறீங்கன்னு நீ கேக்கல. தலைக்குச் சாயம் அடிச்சு, தொப்பைய வளத்து, கருப்புக் கண்ணாடி போட்டா அண்ணிக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உனக்குச் சோறு போட்ட கை இது.

இப்ப திரும்பு. இது காடு இல்ல, கட. கூப்புடறது நான்தான். திரும்புடா.

அழாத. எனக்கு அது பாக்கப் புடிக்கல. உன்னைய அடிக்கவும் தோணல, அந்த வயசெல்லாம் தாண்டிட்டேன். நீ பயந்த பாரு, அத நான் எப்பவோ விட்டுட்டேன். அந்தச் சட்டத்த நீயா வெச்ச? நம்ம எல்லாரும் சேந்து வெச்சது. அவரும்தான் உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாரு, பேரு கேட்டா திரும்பாதடான்னு. விழுந்து கெடந்தாரோ, காலு மாட்டிக்கிச்சோ. மொதல்ல கூ கூன்னு கத்தித்தான் பாத்திருப்பாரு. நீ தூரத்துல இருந்திருப்ப, கேட்டிருக்காது. கடைசில வேற வழி தெரியாம உன் பேரச் சொல்லிருப்பாரு. சட்டத்த அவரே மீறிட்டாரு, உயிரு போற நேரம். நீ மீறல. சரி. அது ஒரு ராத்திரிப் பயம்.

விடிஞ்சிருச்சேடா. எங்கிட்ட எலுமிச்சங்கா வாங்குறப்ப வெளிச்சம் வந்திருச்சே. அப்ப ஒரு வார்த்த, அண்ணி, இன்ன பக்கம் ஒரு குரலு கேட்டுச்சுன்னு சொல்லிருந்தா? அன்னைக்கு மத்தியானம் அவருக்கு உயிரு இருந்திருக்கும். அதுக்கப்புறம் கூட இருந்திருக்கும். நீ மேலப்பக்கம் கையக் காட்டி ஊரையே கூட்டிட்டுப் போன. சாமிக்குப் பயந்தது ஒரு ராத்திரி, ஊருக்குப் பயந்தது இத்தன வருசம். இதத்தான் என்னால விட முடியல.

போலீஸ்காரர்ட்ட சொன்னேன். எலுமிச்சங்காயத் தூக்கிக் காட்டுனேன். என்னம்மா பைத்தியமான்னு பாத்தாரு. நானே போனேன், வாசுகிய முதுகுல கட்டிக்கிட்டு. காடு என்ன நம்ம கொல்லையா? எங்கேர்ந்துன்னு தெரியாம எத்தன நாளு சுத்துறது? அதான் இங்கயே உக்காந்திருக்கேன். உனக்கு எப்படியும் ஒரு நாளு இந்த ஊருப் பக்கம் வேல வரும்னு. எதிர்காலத்தக் கையில புடிச்சுக்கிட்டு நீயே வந்து நிப்பேன்னுதான் எனக்குத் தெரியாமப் போச்சு.

ஃபைலக் குடு. பேனாவக் குடு. எங்க போடணும், இங்கயா? போட்டாச்சு. ரெண்டாவது எடத்துல திரும்பி வந்து போடறேன். எனக்கு உன் வீடும் வேணாம், கயிறும் வேணாம். ஆத்துக்கு எந்தப் பக்கம், எந்த மரத்துக்கிட்ட நீ நின்னப்ப அந்தக் குரலு வந்துச்சு, அத மட்டும் காட்டு. எலும்பாவாவது எடுத்துக்கிட்டு நான் எம்மவகிட்ட போறேன்.

எங்க பாக்கற, என் காலையா? ஆமா, ரப்பர் சப்பாத்து போட்டுட்டேன். காடி வர்ற சத்தம் கேட்டதுமே போட்டுட்டேன். பாராங் கத்தி கதவோரம் இருக்கு, எடு. மழைக்கு முந்தி ஆத்தத் தாண்டணும்.

நீ முன்னாடி நட. பயப்படாத, உள்ள வந்து பேரு சொல்லிக் கூப்புட மாட்டேன். கூ...ன்னுதான் குரல் குடுப்பேன். இந்த வாட்டியாவது திருப்பிக் குடு.